அறுந்ததா, அடைத்ததா

கலியன் செத்துக் கிடந்த ஐஸ் ரூமுக்குள் முருகானந்தம் நுழைந்தபோது, ஸ்மிதா வாசலிலேயே நின்று கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போய்ப் பாருங்க காக்கு. நான் கதவைப் பாத்துக்கறேன். ரெண்டு பேரும் உள்ள மாட்டிக்கிட்டா நம்ம கேஸை யாரு துப்பறியறது?"

வங்காளத்துச் சித்தப்பா முறையில் அவள் 'காக்கு' என்று கூப்பிடும் முருகானந்தம் சிரிக்கவில்லை. கதவின் உட்புறத்தில், திறக்கும் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. அதைச் சுற்றித் தகரத்தில் நகக்கீறல்கள். போலீஸ்காரர்கள் சாக்பீஸால் அதற்கு ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், பரீட்சைத் தாளில் தப்பைச் சுழித்த மாதிரி.

கிடர்பூரில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் கிடங்கு அது. விஸ்வகர்மா பூஜை அன்று ஐஸ் ரூமின் குளிர் இயந்திரத்தைத் தவிர அங்கே எந்த இயந்திரமும் ஓடாது. தராசு முதல் தள்ளுவண்டி வரை எல்லாவற்றுக்கும் மாலை, சிந்தூரம், ஓய்வு. ஆட்கள் முற்றத்தில் கிச்சடி கிளறிச் சாப்பிட்டு, பாட்டுப் போட்டு, மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சுமை தூக்கும் கலியன்தான் அன்றைக்குச் சமையல். சாப்பாடு முடிந்த பிறகு சர்பத்துக்கு ஐஸ் எடுக்க உள்ளே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஒலிபெருக்கி அலறலில் அவன் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போயிருப்பான் என்று எல்லோரும் கலைந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தவர்கள்தான் பார்த்தார்கள்.

விபத்து என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எழுதவில்லை. காரணம், அறைக்குள் இருந்த காமிரா. கலியன் உள்ளே போன சமயத்துக்கான அதன் பதிவைக் காணோம். அது மட்டுமல்ல, அந்த அறை இருக்கும் பின்கட்டடத்தின் பதினாலு காமிராக்களின் பதிவும் இல்லை. அந்தக் காமிராக்களைப் பொருத்திப் பராமரிக்கும் தினேஷ்குமாருக்கும் கலியனுக்கும் முந்தின நாள் முற்றத்தில் பெரிய சண்டை. படத்தை வெட்டிவிட்டுக் கதவைச் சாத்தியவன் தினேஷ்தான் என்று போலீஸ் அவனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டது. பூஜையன்று தன் வீட்டு மாடியில் தனியாகப் பட்டம் விட்டேன் என்கிறான். பட்டம் சாட்சி சொல்லுமா? கொலை வழக்கு. வெளியே அவன் மனைவி சத்யப்ரியா நிறைமாத வயிற்றோடு வக்கீல் வீட்டுப் படியேறிக்கொண்டிருக்கிறாள்.

"தினேஷ் பண்ணியிருக்க மாட்டான் சார்," என்றார் அனந்த். கம்பெனி முதலாளி, ஸ்மிதாவுக்குப் பின்னால் வாசலில் நின்றிருந்தார். முருகானந்தத்தை டாக்குரியாவில் தேடிவந்து இந்த வேலையை ஒப்படைத்தவர் அவர்தான். "எனக்கு நன்னாத் தெரியும். அவனை வெளியில கொண்டு வரணும், அவ்வளவுதான்."

"நீங்க அன்னிக்கு எங்க சார் இருந்தீங்க?"

"காலம்பற பூஜைக்கு வந்துட்டு உடனே கெளம்பிட்டேன். கரியாஹாட்ல ஆத்துக்காரி மீனாக்ஷியோட புடவைக் கடைல இருந்தேன். துர்கா பூஜா ஷாப்பிங். போலீஸே கடையில போய் விசாரிச்சாச்சு." அனந்த் அறையின் நடுவைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். "பாவம் சார் கலியன். தலையில செவப்பு கம்சாவைக் கட்டிண்டு எப்படி ஆடினான். அவனைப் போய் யாரு கொல்லுவா?"

கம்சா என்றால் வங்காளத்தில் எல்லோர் தோளிலும் கிடக்கும் மெல்லிய துண்டு. முருகானந்தம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். ஸ்மிதா கதவை விட்டாள். அது தானாக நகர்ந்து, 'டக்' என்று சாத்திக்கொண்டது. அந்தச் சத்தம் மூவருக்கும் பிடிக்கவில்லை.

முன்கட்டடத்தில் ஒரு சிறிய அறை. அங்கேதான் படங்களைப் பதிவு செய்யும் ரெக்கார்டரும், அவற்றைக் காட்டும் பெரிய திரையும். திரையின் முன்னால் காவல்காரர் ஹாராதன். தலையெல்லாம் நரை, கண்ணெல்லாம் தூக்கம்.

முருகானந்தத்தின் கையில் போலீசுக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்த அறிக்கையின் நகல் இருந்தது. "படம் கட் ஆயிடுச்சுன்னு இவர் பார்த்ததா போட்டிருக்கு. கேளு ஸ்மிதா. என் வங்காளம் வெண்டைக்காய் வாங்கற வரைக்கும்தான் வரும்."

"அதுலயும் முத்தலாத்தான் வாங்கிட்டு வர்றீங்க," என்று சொல்லிவிட்டு ஸ்மிதா வங்காளத்தில் கேட்டாள். டாக்குரியாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குக் கோபம் வந்தால் வங்காளம்தான் முதலில் வரும், தமிழ் பின்னால் ஓடிவரும்.

ஹாராதன் ஏதோ சொன்னார். ஸ்மிதா அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். "சோபி ஆட்கே கேலோ," என்றார் அவர், தெளிவாக.

"காக்கு, இந்த அறிக்கையை எழுதினது யாரு?"

"அனந்த் சார். ஏன்?"

"'சோபி'ன்னா படம். இவர் 'கேட்டே கேலோ'ன்னு சொல்லல. அப்படிச் சொன்னாத்தான் அறுந்துபோச்சு, கட் ஆச்சுன்னு அர்த்தம். இவர் சொல்றது 'ஆட்கே கேலோ'. மாட்டிக்கிச்சு, அடைச்சுக்கிச்சு. தொண்டையில மீன் முள்ளு நின்னா நாங்க இதைத்தான் சொல்லுவோம்."

"ரெண்டும் படம் தெரியலைங்கறதுதானே?"

"தொண்டையை அறுக்கறதும் தொண்டையில முள்ளு நிக்கறதும் ஒண்ணா?"

முருகானந்தம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹாராதன் கையை வைத்தே நடித்துக் காட்டினார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி நின்றது. மத்தியானத்துக்குமேல் ஆரம்பித்து நெடுநேரம் அப்படியே இருந்தது. அப்புறம்?

"சாயங்காலம் தானாவே சரியாப்போச்சாம்," என்றாள் ஸ்மிதா. "ஐஸ் ரூம் காலியாத் தெரிஞ்சுதாம். கலியன் கதவடியில கிடந்தார் இல்லையா, அந்த இடம் காமிராவுக்கு நேர் கீழ. தெரியாது."

"அறுந்தது தானா ஒட்டாது."

"அதைத்தான் நான் அழகா சொல்ல நினைச்சேன். கெடுத்துட்டீங்க."

துப்பறிய வருவதற்கு முன் ஸ்மிதா செக்டர் ஃபைவ் ஐ.டி. பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மக்கர் செய்தால் போனில் ஆறுதல் சொல்லும் வேலை. அதனால் ரெக்கார்டரின் பின்னால் புகுந்து ஒவ்வொரு ஒயராகப் பிடித்துப் பார்த்து, ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பின்னால இருக்கற பதினாலு காமிராவும் அங்க சுவர்ல இருக்கற ஸ்விட்சுங்கற ஒரு இணைப்புக் கருவியில வந்து சேருது. அங்கேர்ந்து இந்த ஒரே ஒரு கேபிள்தான் முன்னால வருது. தெருவுக்கெல்லாம் ஒரே மெயின் குழாய் மாதிரி. இதுல எங்கயோதான் முள்ளு."

கேபிளைத் தொடர்ந்து முற்றத்துக்கு வந்தார்கள். தரையோடு ஓடிய பிளாஸ்டிக் குழாய்க்குள் அது போனது. தள்ளுவண்டிகள் திரும்பும் இடத்தில் குழாய் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. ஸ்மிதா குனிந்து பார்த்தாள். உள்ளே கேபிள் அறுந்திருக்கவில்லை. நசுங்கியிருந்தது.

கூடவே வந்த ஹாராதன் முணுமுணுத்தார். பூஜைக்கு முந்தின நாள் கலியன் ஐஸ் பெட்டிகள் நிறைந்த வண்டியை அதன்மேல் ஏற்றினானாம். தினேஷ் ஓடிவந்து, இன்னொரு தடவை ஏற்றினால் காலை உடைப்பேன் என்று கத்தினானாம். சண்டை என்று போலீஸ் எழுதிக்கொண்டது இதைத்தான்.

"ஒரு ஒயருக்கு வந்த கோபத்தைக் கொலை வெறின்னு எழுதிட்டாங்க," என்றார் முருகானந்தம். ஒருவன் எதற்குக் கத்தினான் என்று கேட்க இத்தனை பேரில் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

பின்கட்டடச் சுவரில் ஸ்விட்ச் இருந்த பெட்டிக்கும் விஸ்வகர்மா பூஜை நடந்திருந்தது. சிந்தூரப் பொட்டு, அதன்மேல் சாமந்தி மாலை. மாலை சருகாகிவிட்டது. ஆனாலும் பூஜை போட்ட மாலையைக் கழற்றும் தைரியம் யாருக்கும் வரவில்லை. போலீஸ்கூட மாலையோடு சேர்த்துத்தான் போட்டோ எடுத்திருந்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க பாபா விஸ்வகர்மா, டியூட்டி," என்று ஸ்மிதா அதைத் தூக்கினாள். அடியில் சின்னச் சின்ன விளக்குகள் பச்சையாக மினுக்கின. கடைசி விளக்கு மட்டும் ஆரஞ்சு.

"அதான். கேபிளுக்குள்ள எட்டு கம்பி. எட்டும் நல்லா இருந்தா பச்சை, முழு வேகம். ஒண்ணு ரெண்டு போயிட்டா மிச்சத்தை வெச்சுப் பத்துல ஒரு பங்கு வேகத்துல ஓட்டும், ஆரஞ்சு. மெயின் குழாய் இருந்த இடத்துல இப்ப ஸ்ட்ரா."

"சந்தோஷப்படாத," என்றார் முருகானந்தம். "கேபிள் நசுங்கினது முந்தின நாள். பூஜையன்னிக்குக் காலையில படம் நல்லாத்தானே இருந்துச்சு? அடைச்சது மத்தியானம்."

ஸ்மிதா மாலையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "காமிரா எப்பவும் ஒரே அளவு அனுப்பாது காக்கு. எதிர்ல ஏதாவது அசைஞ்சா நிறைய அனுப்பும். ஒண்ணும் அசையலைன்னா கொஞ்சம்தான். பூஜையன்னிக்கு இந்தக் கட்டடத்துல ஈ காக்கா கிடையாது, ஆட்டம் பாட்டமெல்லாம் முற்றத்துல. அதனாலதான் ஸ்ட்ராவே போதுமா இருந்திருக்கு."

"வண்டியும் மெஷினும் ஓடற நாள்ல அடைச்சா நியாயம். எல்லாம் கும்பிட்டு உக்கார வெச்ச நாள்ல ஏன் அடைக்கணும்?"

அவள் மாலையைத் திரும்பப் பெட்டியின்மேல் போட்டாள். முருகானந்தமே மெதுவாகச் சொன்னார். அவர் கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்சில் வளர்ந்தவர். தெருக்குழாய்ச் சண்டைகளின் இலக்கணம் தெரிந்தவர். "குழாயில தண்ணி திடீர்னு குறைஞ்சா எங்க அம்மா குழாயைப் பார்க்க மாட்டாங்க. பக்கத்துல யாரு இன்னொரு குடம் வெச்சிருக்காங்கன்னு பார்ப்பாங்க. ஸ்மிதா, ரெக்கார்டர் ஒரு குடம். வேற யாராவது அதே படத்தை அதே நேரத்துல வாங்க முடியுமா?"

ஸ்மிதாவின் முகத்தில் இருந்த குறும்பு இறங்கியது.

"முடியும். போன்லேர்ந்து நேரா காமிராவுக்கே போனா, ரெக்கார்டருக்கே தெரியாது. எங்கயும் பதிவாகாது. ஆனா ஒவ்வொரு படமும் ரெண்டு தடவை இந்தக் கேபிள்ல வரணும்."

"வக்கீல்கிட்ட தினேஷ் ஏதோ பாஸ்வேர்டு சொல்லி அனுப்பினானே."

அவள் போனை எடுத்தாள். விரல்கள் ஓடின. சிறிய திரையில் பதினாலு கட்டங்கள் முளைத்தன. காலியான தாழ்வாரங்கள், அடுக்கிய பெட்டிகள், ஐஸ் ரூம். ஹாராதன் ஏற்கெனவே முன்னறைக்குத் திரும்பிப் போயிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முற்றத்தைத் தாண்டி அவருடைய குரல் வந்தது, மறுபடி அடைத்துக்கொண்டது அக்கா என்று.

"ஆட்கே கேலோ, தீதி. ஆபார் ஆட்கே கேலோ."

ஸ்மிதா போனை மூடினாள். கொஞ்சம் பொறுத்து, சரியாகிவிட்டது என்று அதே குரல் சொன்னது. மறுபடி திறந்தாள். மறுபடி அடைத்தது. மூன்றாவது தடவை பார்க்க இருவருக்கும் மனம் வரவில்லை.

"அப்ப யாரும் படத்தை வெட்டலை," என்றாள் ஸ்மிதா. "பார்த்திருக்காங்க. பார்த்ததாலதான் பதிவு போச்சு. அந்த ஆள் உள்ள கிடந்து தவிக்கும்போது, ஒருத்தர் போன்ல அதை…" அவள் வங்காளத்துக்கு மாறி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். முருகானந்தம் கேட்காத மாதிரி இருந்தார்.

"கலியன் காலையிலேர்ந்து கம்சாவை எப்படிக் கட்டியிருந்தார்னு ஹாராதனைக் கேட்டுட்டு வா," என்றார்.

கேட்டுவிட்டு வந்தாள். இடுப்பில், சமையலுக்காக. ஐஸ் எடுக்கப் பாத்திரத்தோடு உள்ளே போகும்போதும் இடுப்பில்தான். ஹாராதனே எதிரில் வந்து பார்த்தாராம்.

அனந்தின் அறை முன்கட்டடத்தில். அதன் வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கலியனின் மனைவி நாகலட்சுமி. கணவனின் மாற்றுத் துணி இருந்த பையை வாங்கிப் போக வந்திருக்கிறாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். முருகானந்தம் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"தினேஷ் வெளிய வந்துடுவான் சார். படத்தை யாரும் வெட்டலை. நசுங்கின கேபிள். போலீசுக்கு இங்கேயே செஞ்சு காட்டலாம்."

அனந்த் மூச்சு விட்டார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார், அதில் சந்தேகமில்லை. "ரொம்ப தேங்க்ஸ் சார். ஒரு பெரிய பாரம் எறங்கித்து."

"ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அந்த நேரத்துல யாரோ காமிராவை நேரா பார்த்திருக்காங்க. அதனாலதான் அடைச்சிருக்கு. பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குத்தான் தெரியும்ங்கறான் தினேஷ். அவனுக்கும், உங்களுக்கும்."

அனந்த் மேஜைமேல் கிடந்த கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவனே பார்த்திருக்கலாமே," என்றார் அனந்த்.

ஸ்மிதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "காலையில அவன் பண்ணியிருக்க மாட்டான்னீங்க. உங்களுக்கு நல்லாத் தெரியும்னீங்க. மத்தியானத்துக்குள்ள மறந்துபோச்சா?"

"சார்," என்றார் முருகானந்தம். குரலை உயர்த்தவில்லை. "கலியன்கிட்ட இருந்தது ஒரே ஒரு துண்டு. உள்ள போகும்போது இடுப்புல இருந்துச்சு. பொணத்தை எடுக்கும்போது, போலீஸ் போட்டோவுல, ரெண்டு கையிலயும் சுத்தியிருந்துச்சு, வெறுங்கையால தகரத்தைத் தட்ட முடியாம. நடுவுல ஒரு தடவை தலைக்கு ஏறியிருக்கணும், குளிருக்குக் காதை மூட. அதை வெளிய இருந்த யாரும் பார்க்கலை. கதவு சாத்தின பிறகு அந்த அறைக்குள்ள இருந்தது கலியனும் காமிராவும்தான். தலையில கம்சா கட்டிண்டு ஆடினான்னு காலையில நீங்க சொன்னீங்க."

அனந்த் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கடைக்காரன் புடவையா பிரிச்சுப் போட்டுண்டே இருந்தான் சார். மீனாக்ஷி ஒண்ணையும் எடுக்கலை. எனக்குப் போரடிச்சுது. ரெக்கார்டர் வழியாப் போனா லேட்டாறதுன்னு தினேஷ்தான் நேர் வழி போட்டுக் குடுத்திருந்தான். தெறந்தேன். படம் விட்டு விட்டு வந்தது. கலியன் ரெண்டு கையையும் தூக்கிண்டு நிக்கறான். அப்படியே நின்னுடறது. அப்பறம் பாத்தா குதிச்சிண்டு இருக்கான். மறுபடி நிக்கறது. சத்தம் கெடையாது." அவர் கையால் முகத்தைத் துடைத்தார். "பூஜை நாள் சார். குடிச்சுட்டு டான்ஸ் ஆடறான்னு நெனச்சேன். மீனாக்ஷிகிட்ட காட்டினேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். காமிராவைப் பாத்துக் கும்பிட்டான். அதுக்கும் சிரிச்சோம்."

ஸ்மிதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்புறம்?"

"புடவை பாக்கக் கூப்பிட்டா. போனை அப்படியே பையில போட்டேன். மூடலை. பேட்டரி தீர்ற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடிண்டே இருந்திருக்கு."

யாரும் பார்க்காத ஒரு போன், ஒரு பைக்குள்ளிருந்து, கலியனின் கடைசிப் பதிவை முழுக்கக் குடித்துத் தீர்த்திருக்கிறது. கொலைகாரனாக இருந்திருந்தால் இவரைத் திட்டுவது சுலபமாக இருந்திருக்கும் என்று முருகானந்தத்துக்குத் தோன்றியது.

"அந்தக் குமிழ் ஒடைஞ்சது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கேபிள், குமிழ் ரெண்டையும் பூஜைக்கு அப்பறம் மாத்தலாம்னேன்." அனந்த் தலையைக் குனிந்துகொண்டார். "மறுநாள் கதவைத் தெறந்தப்போ எனக்குப் புரிஞ்சுடுத்து. அடைச்சுதுன்னா ஏன்னு கேப்பா, நான் பாத்தது வெளியில வந்துடும்னு பயந்து அறிக்கையில கட் ஆச்சுன்னு எழுதிட்டேன். தினேஷைப் பிடிப்பான்னு நெனைக்கலை சார். சத்தியமா நெனைக்கலை. உங்களைக் கூட்டிண்டு வந்தது அதுக்குத்தான். அவனை விட்டுட்டாப் போறும், யாரு பாத்தான்னு ஒருத்தரும் கேக்க மாட்டான்னு…"

"எதை எழுதினீங்களோ அதை மாத்தி எழுதணும் சார். இப்பவே, ஸ்டேஷன்ல, உங்க கையால. குமிழையும் சேர்த்து. இல்லைன்னா உங்க பயத்துக்கு அந்தப் பையன் உள்ள கிடப்பான்."

அனந்த் எழுந்தார். கார் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. ஸ்மிதா வக்கீலுக்கு போன் போட்டாள். சத்யப்ரியாவுக்கு உடனே சொல்லச் சொன்னாள். வழக்கமாக அவளுடைய போன் பேச்சில் ஒரு கிண்டலாவது இருக்கும்.

கதவைத் திறந்தபோது நாகலட்சுமி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. உள்ளே பேசியது கதவைத் தாண்டியிருக்காது.

"பையை வாங்கிக்கிட்டேன் சார்," என்றாள் முருகானந்தத்திடம். "நீங்க படத்தைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்கன்னு காவக்காரரு சொன்னாரு. அதுல ஏதாவது தெரிஞ்சுதா? அந்த தினேஷ் தம்பிதான் கதவைச் சாத்துச்சா?"

"இல்லம்மா. யாரும் சாத்தலை. அது தானா சாத்திக்கிச்சு."

அவள் அதை நம்பலாமா என்று யோசித்தாள். பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஒரேயடியா தூங்கிப்போயிட்டாருன்னு சொல்றாங்க. குளிர்ல அப்படித்தான் ஆவுமாம். கஷ்டம் தெரியாதாம். நெஜமா சார்? கடைசியா அவரு என்ன பண்ணிக்கிட்டு இருந்தாருன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

முருகானந்தம் ஒதுங்கி வழி விட்டார். அவருக்குப் பின்னால் அனந்த் நின்றுகொண்டிருந்தார்.

"சார் பார்த்திருக்கார்மா. அவர் சொல்லுவார்."

அனந்த் முன்னால் வந்தார். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கலியனுக்கு மரியாதை கொடுத்துப் பேசினார்.

"கூப்பிட்டுண்டு இருந்தார்மா."

"யாரைங்க?"

"என்னைத்தான். கையைத் தூக்கித் தூக்கி."

நாகலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. முதலாளி பக்கத்தில் இருந்திருக்கிறார், தன் புருஷன் கூப்பிட்டிருக்கிறான் என்கிற அளவில்தான் அது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முகத்தில் சின்னதாக ஒரு நிம்மதிகூட வந்தது.

"நீங்க என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டாள்.